டப்ளினுக்குப் போன காணிப் பெர்மிட்

டப்ளின் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி மாசிச் சம்பல் போத்தலை மூக்கருகே கொண்டுபோய், போன வேகத்தில் தூரப் பிடித்தார். "இது என்ன?" என்றார். மீன் என்றேன். "செத்த மீனா?" என்று கேட்டார். உயிரோடு இருக்கிற மீனை எந்த ஊரில் போத்தலில் அடைப்பார்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. முதல் தடவையாக வெளிநாடு வந்தவன் வாயைக் கட்டுவதுதான் நல்லது என்று கட்டிக்கொண்டேன். போத்தலைத் திருப்பித் தந்தார். அதற்கு அடியில், இரண்டு மட்டைகளுக்கு நடுவே வைத்துச் சாரத் துணியில் சுற்றியிருந்த தாளை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. நான் அவ்வளவு தூரம் வந்ததே அந்த ஒரு தாளுக்காகத்தான்.

நான் கல்முனைப் பக்கத்தில் ஒரு அரச கந்தோரில் காணிப் பகுதி எழுதுவினைஞர். சண்டை முடிந்த அடுத்த வருஷம், நனைந்து கெட்ட ஆவணங்களைக் காப்பாற்றுவது எப்படி என்று பழக்குவதற்காக ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் கரையோரத்திலிருந்து ஓர் ஆளைத் தெரிவு செய்தது. டப்ளினில் பழைய ஆவணக் காப்பகம் ஒன்றில் இரண்டு கிழமைப் பயிற்சி. சுனாமியில் நனைந்த காணி உறுதிப் பத்திரங்களையும் பெர்மிட்டுகளையும் தனியாளாக நின்று காப்பாற்றியவர் என்று என் மேலதிகாரி எழுதி அனுப்பியிருந்தார். அதை வாசித்தபோது எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. பொய் சொல்வானேன்.

சாரத் துணிக்குள் இருந்தது ஜெமீலா ராத்தாவின் காணிப் பெர்மிட். ராத்தா என்றால் எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரி. சொந்தத்தில் இல்லை, ஊர் முறையில் ராத்தா. அதே முறையில் அண்ணன் காக்கா. அவருடைய கணவர் ஆதம்பாவா காக்காவுக்கு அரசாங்கம் சவளக்கடைக்கு அங்கால் நாலு ஏக்கர் வயலைப் பெர்மிட்டில் கொடுத்திருந்தது. தொண்ணூறுகளில் அந்தப் பக்கம் போக முடியாமல் வயலை விட்டுவிட்டு ஊருக்குள் வந்தவர்களில் அவரும் ஒருவர். காக்கா சுனாமியில் மௌத்தாகிவிட்டார். இப்போது சண்டை முடிந்து சனம் பழைய வயல்களைத் தேடிப் போகிறது. நாலு ஏக்கரில் வேறொருவர் விதைத்துக்கொண்டிருக்கிறார். நான் திரும்பி வருகிற மாதம் காணி விசாரணை. காரணமில்லாமல் வயலைத் தரிசாக விட்டால் பெர்மிட்டை ரத்துச் செய்யலாம் என்பது சட்டம். ராத்தாவின் கையில் இருந்த ஆதாரம் அந்த ஒரு தாள்தான். அதைக் கெடுத்தவன் நான்.

எப்படிக் கெடுத்தேன் என்று சொல்கிறேன். சுனாமி முடிந்த கையோடு எங்கள் கந்தோர் விறாந்தையில் சனம் வரிசையாக நின்றது. எல்லோர் கையிலும் சேறு பிடித்த சொப்பிங் பை. நான் தாள்களை வெயிலில் விரித்தேன். வெயில் போதாது என்று அயன் பெட்டியால் மினுக்கினேன். பிறகு ஒவ்வொன்றாக லெமினேட்டிங் மெஷினுக்குள் விட்டேன். எங்கள் ஊரில் முக்கியமான தாள் என்றால் லெமினேட் பண்ண வேண்டும். பிறப்புச் சான்றிதழ், காவின் என்கிற கலியாணப் பதிவுத் தாள், பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு, மௌத்தானவரின் அடையாள அட்டை எல்லாம் பிளாஸ்டிக்குக்குள்தான் இருக்கும். லெமினேட் பண்ணாத தாளை நீட்டினால் கந்தோரில் நாங்களே ஒரு மாதிரிப் பார்ப்போம். அப்படி ஆசையாகப் பண்ணியதில் தாளின் ஈரமும் உள்ளே அகப்பட்டுவிட்டது. ஐந்து வருஷத்தில் பூஞ்சணம் பிடித்து, ராத்தாவின் பெர்மிட்டில் எல்லைகள் எழுதியிருந்த இடம் கறுத்துப்போனது. பயிற்சிக்குப் போகிற இடத்தில் பிளாஸ்டிக்கைக் கழற்றித் தருவார்கள் என்று நம்பி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

முதல் நாள் காலை பஸ்ஸில் ஏறியதும் மானம் போனது. டப்ளின் பஸ்ஸில் கண்டக்டர் இல்லை. சாரதிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி, அதற்குள் சில்லறையைச் சரியாகப் போட வேண்டும். நான் தாள் காசை நீட்டினேன். சாரதி தலையாட்டினார். எனக்குப் பின்னால் மழையில் நனைந்துகொண்டு ஒரு வரிசையே நின்றது. ஒரு கிழவி எனக்காகச் சில்லறையைப் போட்டுவிட்டு, "உள்ளே போ மகனே, ரொட்டி வாங்கப் போகவேண்டும்" என்றார். உள்ளே போய் மேல்மாடியில் வசதியாக உட்கார்ந்தபிறகுதான் பஸ் எதிர்ப்பக்கம் போவது தெரிந்தது. கடைசித் தரிப்பில் இறங்கி, திரும்பவும் அதே பஸ்ஸில் ஏறினேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இறங்குகிற ஒவ்வொருவரும் சாரதியைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்கள். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகிற தனியார் பஸ்ஸில் யாராவது சாரதிக்கு நன்றி சொன்னால், என்னவோ நடந்துவிட்டது என்று பயந்து அவர் பிரேக் போட்டுவிடுவார்.

தங்கியிருந்த வீட்டுக்காரி பிரிஜிட், அறுபதைத் தாண்டிய விதவை. நான் எதைச் சாப்பிடுவேன், எதைச் சாப்பிட மாட்டேன் என்று கேட்டு ஒரு பட்டியல் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். மீன் சாப்பிடுவேன் என்றதும் அவருக்குப் பெரிய நிம்மதி. இரவுச் சாப்பாட்டுக்கு வெள்ளையாக ஒரு மீன் துண்டும் நாலு அவித்த உருளைக்கிழங்கும் வந்தன. "தலை எங்கே?" என்று கேட்டேன். "பூனைக்குப் போட்டேன்" என்றார். எங்கள் வீட்டில் தலைக்குத்தான் சண்டை நடக்கும் என்று சொன்னேன். அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். மாசிச் சம்பல் போத்தல் அன்றே அரைவாசிக்கு வந்துவிட்டது.

"உங்கள் நாட்டில் சண்டை முடிந்துவிட்டதாமே, யார் வென்றது?" என்று பிரிஜிட் கேட்டார்.

"நாங்கள் முஸ்லிம்கள், இரண்டு பக்கத்திலும் இல்லை. அடி மட்டும் இரண்டு பக்கத்தாலும் விழுந்தது" என்றேன்.

"இங்கேயும் அப்படிச் சிலர் இருந்தார்கள்" என்று சொல்லிவிட்டு இன்னொரு உருளைக்கிழங்கைத் தட்டில் வைத்தார். அவருடைய தேநீர் மட்டும் எங்கள் ஊர்த் தேநீருக்குக் கொஞ்சமும் குறையாத சாயத்தில் இருந்தது.

காப்பகத்தில் எனக்குப் பொறுப்பாக இருந்தவர் நோரா. தாள் திருத்துவதுதான் அவருடைய தொழில். ஐம்பது வயதிருக்கும். கட்டையான ஆள், கண்ணாடியைக் கழுத்தில் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார். முதல் வேலையாக என் சட்டைப் பையிலிருந்த இரண்டு பேனைகளையும் பிடுங்கி ஒரு பென்சிலைத் தந்தார். பேனை மை தாளில் பட்டால் போகாதாம். இருபது வருஷமாகப் பேனையோடு திரிந்த எழுதுவினைஞனுக்கு அது உடுப்பைக் கழற்றியதுபோல இருந்தது. பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொன்னார். இந்த இரண்டும் முடிந்தபிறகுதான் எனக்கு ஆசனம் கிடைத்தது.

சுனாமிக்குப் பிறகு நான் செய்த வேலையை அவருக்கு விபரமாகச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அயன் பெட்டி என்றபோது அவர் கண்ணாடியைக் கழற்றினார். லெமினேட்டிங் என்றபோது கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை தாள்?"

"ஊர் முழுக்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை அந்தப் பெர்மிட்டைக் கொண்டுவாருங்கள், பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் நாள் முழுக்கக் குத்தகைப் பத்திரங்கள். நான் கடதாசி என்று நினைத்திருந்தேன், அவை ஆட்டுத்தோலில் எழுதியவை. விரித்தால் ஒரு பாயளவு வரும். மேல் விளிம்பு நேராக இல்லாமல் அலை அலையாக வெட்டப்பட்டிருந்தது. ஒரே தோலில் இரண்டு பிரதி எழுதி நடுவில் வளைத்து வெட்டி, ஒன்றைக் காணிக்காரனும் மற்றதைக் குத்தகைக்காரனும் வைத்துக்கொள்வார்களாம். பின்னால் வழக்கு வந்தால் இரண்டு விளிம்பும் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். காப்பகத்தில் இருந்தவை பெரும்பாலும் காணிக்காரர்களின் பிரதிகள். குத்தகைக்காரர்களின் பாதி எங்கே என்று கேட்டேன். "கூரை ஒழுகுகிற வீட்டில் எதுதான் மிஞ்சும்?" என்றார் நோரா.

சில பத்திரங்களில் குத்தகைக் காலம் வருஷக் கணக்கில் இல்லை. மூன்று பேரின் பெயரை எழுதி, இவர்களில் கடைசி ஆள் உயிரோடு இருக்கும்வரை குத்தகை செல்லும் என்றிருந்தது. அதனால் வீட்டில் இருக்கிற சின்னப் பிள்ளைகளின் பெயரைத்தான் எழுதுவார்களாம், பிள்ளைகள் நீண்ட நாள் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில். எங்கள் கரையில் இப்படி எழுதும் வழக்கம் இருந்திருந்தால், சுனாமி வந்த அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை காலையில், தேநீர் குடித்து முடிக்கிற நேரத்துக்குள் எத்தனை குத்தகை முடிந்துபோயிருக்கும் என்று எண்ணத் தொடங்கி, பென்சிலை மேசையில் வைத்துவிட்டேன். நோரா என்னைக் கேள்வி கேட்காமல் போய் வேறு வேலை பார்த்தார்.

வியாழக்கிழமை துண்டுப்பிரசுரங்களைக் காட்டினார்கள். குத்தகைக்காரர்கள் காணிக்காரர்களோடு மோதிய காணிச் சண்டைக் காலத்து அரசியல் பிரசுரங்கள். ஒற்றைத் தாள், மலிந்த கடதாசி, கறுத்த பெரிய எழுத்து. குத்தகைப் பணம் கட்டாதே, விரட்டப்பட்டவனின் நிலத்தை நீ எடுக்காதே, எடுத்தால் பார் என்ற தோரணையில் எழுதியவை. ஒரு நாளைக்கு என்று அச்சடித்து மதிலில் ஒட்டியதும் கதவுக்குக் கீழால் தள்ளியதுமான தாள்கள், நூறு வருஷம் தாண்டி உறைக்குள் படுத்திருந்தன. இவற்றை யார் பத்திரப்படுத்தினார்கள் என்று கேட்டேன். கிழித்துக்கொண்டு போன பொலிஸ்காரர்கள்தான் என்றார் நோரா. ஆதாரம் என்று கோப்பில் போட்டுவைத்தார்களாம். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு தாள் கையில் அகப்பட்டால், தாளைப் பற்றி யார் கவலைப்பட்டது? ஆளைத் தேடவே நாள் காணாது.

பக்கத்து மேசையில் மேற்குப் பகுதியிலிருந்து வந்த ஷோன் என்ற கிழவர் இருந்தார். அவருடைய கொள்ளுப்பாட்டனாரின் காணியைப் பற்றிப் பார்க்க வந்திருந்தார். அவருக்கு முன்னால் ஒரு குத்தகைப் பத்திரமும் ஒரு துண்டுப்பிரசுரமும் அருகருகே கிடந்தன. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"எங்கள் குடும்பத்தில், கொள்ளுப்பாட்டன் சோம்பேறி, நிலத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போனான் என்றுதான் கதை. என் தகப்பன் அந்த வெட்கத்தோடேயே செத்தார். இதோ, இது அவன் நிலம் வைத்திருந்ததைச் சொல்கிறது" என்று பத்திரத்தைத் தொட்டார். பிறகு பிரசுரத்தைத் தொட்டார். "இது அவன் ஏன் போனான் என்று சொல்கிறது. இதில் அவன் பெயரே இருக்கிறது, போகாவிட்டால் என்ன செய்வோம் என்றும் இருக்கிறது. ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றும் விளங்காது."

நல்ல விஷயம் என்று சொல்லிவிட்டு என் மேசைக்கு வந்துவிட்டேன். அன்று பின்னேரம் நோரா என்னிடம் மூன்று தடவை பேசினார், மூன்று தடவையும் என்ன கேட்டார் என்று திருப்பிக் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பெர்மிட்டை ஒளி வீசுகிற மேசையில் வைத்தார்கள். பிளாஸ்டிக்கைக் கழற்ற முடியாது, கழற்றினால் மையும் அதோடு வந்துவிடும் என்று நோரா ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார். ஆனால் வேறு வேறு விளக்கில் படம் எடுத்துப் பார்த்தார். கறுத்த இடத்துக்குக் கீழே ஆதம்பாவா காக்காவின் பெயரும், ஏக்கர் அளவும், வடக்கே வாய்க்கால் என்ற எல்லையும் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. இந்தப் படம் போதும், இதை உறுதிப்படுத்தி ஒரு கடிதமும் தருகிறேன் என்றார்.

பிறகு தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையானது, சேற்றுக் கறை மட்டும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் விளக்கைச் சரித்துப் பிடித்தார். கறைக்குள் மெல்லிய கோடுகள் தெரிந்தன. படத்தைக் கணினியில் இடம் வலமாக மாற்றினார்.

"இது உங்கள் எழுத்துதானே? வாசியுங்கள்" என்றார்.

"வயல்களில் இறங்குவோர்" என்று ஓரிடத்தில் இருந்தது. "ஏழு நாட்களுக்குள்" என்று இன்னோரிடத்தில். அதற்குக் கீழே "மீறி" என்ற ஒரு சொல். மற்றதெல்லாம் மூட்டம்.

"ரோணியோ மெஷினில் பிரதி எடுக்கிற மை முழுதாகக் காய்வதே இல்லை" என்றார் நோரா. "வேறொரு தாள் இதோடு ஒட்டிக்கிடந்திருக்கிறது. அதிலிருந்த எழுத்து இதில் இறங்கிவிட்டது. அந்தத் தாள் எங்கே?"

"கடல் கொண்டுபோய்விட்டது" என்றேன்.

கடல் கொண்டுபோகவில்லை. ஈரப் பையிலிருந்து பெர்மிட்டை எடுத்தபோது அது பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. முஸ்லிம்கள் வயலை விட்டுப் போக வேண்டும் என்று ஒரு காலத்தில் மில் சுவரிலும் கதவுக்குக் கீழேயும் கிடந்த பிரசுரங்களில் ஒன்று. எந்த இயக்கம் போட்டது என்பது இப்போது வேண்டாம். அப்போது யுத்தநிறுத்தம் என்று பெயர், ஆனால் ஊரில் சோதனை ஓயவில்லை. இப்படி ஒன்றை ஏன் வைத்திருக்கிறாய் என்று எவன் கேட்டாலும் பதில் சொல்ல முடியாது. தண்ணீர் தொட்டு மெதுவாக உரித்து எடுத்தேன். கந்தோருக்குப் பின்னால் குப்பையோடு போட்டுக் கொளுத்தினேன். அடுத்த நாள் பெர்மிட்டை வாங்க வந்த ஜெமீலா ராத்தா, "தம்பி, பையிக்குள்ள இன்னொரு கடதாசி மடிச்சி இரிந்திச்சே, அது இல்லியா?" என்று கேட்டார். "இல்ல ராத்தா, தண்ணியில கரஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அன்று ஜும்ஆத் தொழுகைக்கு, முன்பு தேவாலயமாக இருந்த ஒரு கட்டடத்துப் பள்ளிவாசலுக்குப் போனேன். குத்பாப் பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை கடலைப் பார்த்தால் மனம் ஆறும் என்று ஹௌத் என்ற துறைமுக ஊருக்கு ரயில் ஏறினேன். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் மாறாமல் விட்டு, கடல் இல்லாத வேறோர் ஊரில் போய் இறங்கினேன். திரும்பி வந்து ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது மீன்பிடிப் படகுகள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. எங்கள் ஊருக்குக் கிட்ட ஒலுவிலில் அப்போது துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அது முடிந்தால் இப்படி இருக்குமோ என்று பார்த்தேன். இங்கே ஏலக் கூச்சல் இல்லை, பெட்டிகளை எடைபோட்டு லொறியில் ஏற்றினார்கள், முடிந்துவிட்டது. குளிர் காது வழியே ஏறியது. மனம் ஆறவில்லை.

திங்கட்கிழமை காலை, கை கழுவுவதற்கு முன்னாலேயே நோராவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என்னைத் தேற்றவும் இல்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. இழுப்பறையிலிருந்து ஒரு பழைய படிவத்தை எடுத்து என் முன்னால் போட்டார். ஒரு குத்தகைப் பத்திரத்தின் வேலை அறிக்கை. என்ன கறை இருந்தது, என்ன பசை போட்டது என்றெல்லாம் எழுதிக்கொண்டு வந்து, நடுவில் ஒரு வரி: விரிக்கும்போது என் கவனக்குறைவால் கீழ் மூலை கிழிந்தது. அதற்கு நேரே நோராவின் கையெழுத்து.

"வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம்" என்றார். "நாங்கள் தாளுக்குச் செய்த நல்லதையும் எழுதுவோம், கெட்டதையும் எழுதுவோம். எழுதாவிட்டால் அடுத்து வருகிறவன் கிழிந்ததற்கு வேறு காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பான். உங்கள் பெர்மிட்டுக்கும் ஒன்று எழுதுங்கள்."

எங்கள் கந்தோரில் இருபது வருஷத்தில் ஆயிரம் அறிக்கை எழுதியிருப்பேன். பிழை நேர்ந்தால் 'தவறுதலாக இடம்பெற்றுள்ளது' என்று எழுதுவோம், யார் தவறினார் என்று இருக்காது. பென்சிலைப் பிடித்துக்கொண்டு, ஒட்டியிருந்த துண்டுப்பிரசுரத்தை நான் உரித்து எரித்தேன் என்று எழுத எனக்கு ஒரு முழுக் காலை போனது.

மீதிக் கிழமையில் தாள் உலர்த்தப் பழகினேன், விசிறிக் காற்றிலும் ஒற்றுத் தாளிலும். அயன் பெட்டி என்ற சொல்லை நோரா கடைசிவரை எடுக்கவில்லை. நான் புறப்படும் நாளில் பிரிஜிட் ஒரு மீனை முழுசாகத் தலையோடு பொரித்து வைத்திருந்தார். பூனை என்னை முறைத்துக்கொண்டே இருந்தது.

ஊருக்கு வந்த மறுநாளே ஜெமீலா ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். சுனாமி வீட்டுத்திட்டத்தில் இரண்டாம் மாடி. "வாங்க தம்பி, எப்ப வந்த? குளிருல நல்லாக் கறுத்துப் போவீங்க என்டு பாத்தா வெளுத்துப் போய் வந்திரிக்கீங்க" என்று தேநீர் தந்தார். நான் பெர்மிட்டின் படத்தைக் காட்டினேன். எல்லைகள் தெரிவதைக் கண்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு பின்பக்கத்துப் படத்தைக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி வாசித்தார். "ஏழு நாட்களுக்குள்" என்ற இடத்தில் அவர் விரல் நின்றது.

"இது அந்த நோட்டிசெல்லவா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். உரித்தது, எரித்தது, அவர் கேட்டபோது இல்லையென்று சொன்னது. சொல்லி முடிக்கும்வரை அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு பெர்மிட்டுக்கு மட்டும் திரும்பிப் போகல்ல தம்பி" என்றார். "இந்த நோட்டிசும் பையிக்குள்ளதான் இரிந்திச்சி. ஏன் வயல உட்டுட்டு வந்தாய் என்டு நாளைக்கி எவனும் கேட்டா இதக் காட்டோணும் என்டு அவரு அவ்வளவு பக்குவமா வெச்சிருந்தாரு. ரோட்டுக்கு ஓடி வந்துட்டு, பை என்டு திரும்பிப் போனாரு. பைய என்ட கையில தந்தாரு. அடுத்த அல வந்திச்சி."

வெளியே படிக்கட்டில் யாரோ தண்ணீர் வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். சத்தம் ஓய்ந்தபிறகு ராத்தா பேசினார்.

"அஞ்சி வரிசமா நான்தான் அதத் தண்ணிக்குள்ள உட்டுட்டன் என்டு நெனச்சிட்டிருந்த. அவரு உசிரக் குடுத்து எடுத்துத் தந்தத நான் பாதிய உட்டுட்டன் என்டு. தொழுதிட்டு இரிக்கக்குள்ளயும் அதான் நெனவு."

எனக்கு அழுகை வந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் படங்களை என் பக்கம் தள்ளிவைத்தார்.

"விசாரணைக்கு வருவீங்கதானே?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம் ராத்தா."

விசாரணை நாளன்று மண்டபம் நிறையச் சனம். இப்போது அந்த வயலைச் செய்கிறவர் தன் பக்கத்தைச் சொன்னார், பதினைந்து வருஷத்துக்கு மேல் தரிசாகக் கிடந்தது, எவரும் வரவில்லை என்றார். பொய் இல்லை. அதிகாரி ராத்தாவைப் பார்த்தார். ராத்தா என்னைப் பார்த்தார். நான் எழுந்து படங்களையும், நோராவின் கடிதத்தையும், தமிழில் எழுதி எடுத்துவந்த என் அறிக்கையையும் வைத்தேன். அதிகாரி அறிக்கையை இரண்டு தடவை வாசித்தார்.

"இத நீங்களா எழுதின?"

"ஓம் சேர்."

"நீங்க ஒரு அரச ஊழியர். பொதுமகன்ட ஆவணத்த எரிச்சன் என்டு எழுதி ஒப்பம் வெச்சிருக்கீங்க. இத நான் கோப்பில போட்டா உங்களுக்குப் பிரச்சின வரும், விளங்குதா?"

"விளங்குது சேர். போடுங்க."

அவர் போட்டார். அத்தோடு என் வாக்குமூலத்தையும் எழுதிக்கொண்டார். 'கைவிடப்பட்டது' என்று இருந்த இடத்தை வெட்டி, 'அச்சுறுத்தலினால் வெளியேறியது' என்று எழுதியதை நான் தலைகீழாக வாசித்தேன். முடிவு பிறகு வரும் என்றார்கள். எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதமும், அதற்குப் பின்னால் ஒரு மாற்றலும் வந்தன. அது பெரிய விஷயமில்லை.

மண்டபத்துக்கு வெளியே, வாகைமரத்துக்குக் கீழே, ஜெமீலா ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எனக்காக நின்றார்.

"வந்து செல்லிட்டீங்க. அது பெரிய உதவி, நான் மறக்கமாட்டன்" என்றார். "காணி கெடச்சா முதல் போகத்தில ஒரு மூட நெல்லு உங்கட ஊட்டுக்கு வரும். ஆனா நீங்க இனி என்ட ஊட்டுக்கு வரவேணாம், தம்பி."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

அடுத்த வருஷம் பெரும்போகம் வெட்டி முடிந்த கிழமை, சவளக்கடைப் பக்கமிருந்து வந்த உழவு இயந்திரம் எங்கள் வாசலில் நின்று ஒரு மூடை நெல்லை இறக்கியது. என் மனைவிக்கு ஒரே சந்தோஷம். காணி கிடைத்துவிட்டது போல, ஒரு எட்டுப் போய் ராத்தாவைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மூடையைத் தூக்கி உள்ளே வைத்தேன். நான் போகவில்லை.